தேய்த்த அன்றே பூச வேண்டும்

மார்ச் 3

மேஸ்திரி அம்மாவுக்கு,

நலம்தானே? நானும் நன்றாகவே இருக்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

திடீரென்று கடிதம் எதற்கு என்று பார்க்கிறாயா? நம் மகள்தான் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "அப்பா, நீங்களும் அம்மாவும் போன்ல பேசறத நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன். ரெண்டு நிமிஷம் உடம்பு விசாரிக்கிறீங்க. அப்புறம் ஒருத்தர் மூச்சு விடறத இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் போன் ஒத்துக்காது. பேசாம லெட்டர் எழுதுங்க" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். அச்சகத்தோடு நானும் இந்த ஊருக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. உருப்படியாக நாம் ஒன்றுமே பேசிக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து உண்டு. உடைந்த பக்கெட், ஓடாத மின்விசிறி என்று வேண்டாததெல்லாம் அதற்குள் போகும். நேற்று அதைக் காலி செய்தபோது ஒரு சைக்கிள் அகப்பட்டது. வீட்டுக்கார அம்மா, "இருபது வருஷம் முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. வேணும்னா எடுத்துக்கோங்க, இல்லன்னா வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார்" என்றார். வேண்டும் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் காலத்து இரும்பு ஃபிரேம். மெல்லிய குழாய்கள். குழாயும் குழாயும் சேரும் இடங்களில் இலை மாதிரி வெட்டிய மூட்டு. கரும்பச்சைப் பெயிண்ட், கழுத்தில் தங்க நிறத்தில் ஒரு கோடு. தூரத்தில் நின்று பார்த்தால் அழகு. கிட்டே போனால் உடம்பெல்லாம் துரு. மேல் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டே இல்லை. விரல் வைத்தால் பழுப்பு மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நீ முப்பத்தொரு வருடமாக இரும்புக் கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். நான் காகிதத்தில் பிழை திருத்துகிறவன். இரும்பில் பிழை வந்தால் எங்கே தொடங்க வேண்டும்? இது பிழைக்குமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
கேள்விக்குறி

*

மார்ச் 10

கேள்விக்குறியாருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வைத்த பட்டப்பெயரை நீங்களே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டால், உங்களைத் திட்ட எனக்கு என்ன மிச்சம்? தப்பு என்று நன்றாகத் தெரிந்தாலும் திருத்த மாட்டீர்கள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினவருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அது அச்சகத்து வழக்கம் என்று சொல்வீர்கள். வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் அதே வழக்கம்தானே இருந்தது?

பல்லைக் காட்டுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தெளிவாக எழுதாவிட்டால் கண்ணாடியில் காட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

இனி சைக்கிள். முதலில் சக்கரம், செயின், ஹேண்டில்பார், சீட் எல்லாவற்றையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் வையுங்கள். அந்தச் செய்தித்தாளைப் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். ஃபிரேமைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு திருப்புளியின் முனையால் துருப்பிடித்த இடங்களில் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இரும்பு செத்துவிட்டது, பழைய இரும்புக்காரருக்கு வழி விடுங்கள். இறங்காமல் வழுக்கினால் அது மேல் துருதான். பயப்பட ஒன்றும் இல்லை.

பளபளப்பு முலாம் பூசிய பாகங்களை உப்புத்தாளால் தொடவே கூடாது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போதும். நட்டு போல்ட்டுகளை வினிகரில் ஒரு நாள் போடுங்கள். ஒரு நாள் என்றால் ஒரே நாள். மறந்துவிட்டால் மரை கரைந்துவிடும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். பெயிண்ட் போன இடத்தில் மட்டும் நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு இருநூற்று நாற்பது, கடைசியில் நானூறு. இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும் வரை தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மஞ்சள் ஒட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். எங்கள் பெயிண்ட் பிரிவில் பதினான்கு பேருக்கும் தினமும் இதைத்தான் சொல்கிறேன். உங்களையும் சேர்த்தால் பதினைந்து.

மேஸ்திரி

*

மார்ச் 17

மேஸ்திரி அம்மாவுக்கு,

திருப்புளி இறங்கவில்லை. எட்டு இடத்தில் அழுத்திப் பார்த்தேன், எட்டிலும் வழுக்கியது. ஒன்பதாவதாக என் கட்டைவிரலில் இறங்கியது. ஆழமில்லை.

பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரை இருக்கிறது. துணி காயப்போடும் கொடியில் ஃபிரேமைத் தொங்கவிட்டு வேலை செய்கிறேன். வீட்டுக்கார அம்மா போர்வை காயப்போட இடமில்லை என்று முணுமுணுத்தார். ஹேண்டில்பாரைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டார். அலுமினியத் தாள் இப்படி மாயம் செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை. கறுப்பாகச் சேறு போல வழிந்தது, துடைத்தேன், உள்ளே என் மூஞ்சி தெரிந்தது. மூக்கு மட்டும் ஒரு முழம் இருந்தது. "என் பாத்ரூம் குழாயையும் இப்படித் தேய்ச்சுத் தர முடியுமா சார்?" என்று அவர் கேட்கிறார்.

சீட்டைத் தாங்கும் கம்பி மட்டும் குழாய்க்குள் இறுகிப்போய் வரவே மாட்டேன் என்றது. மூட்டில் எண்ணெய் விட்டுவிட்டு இரண்டு நாள் அதைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டேன். மூன்றாம் நாள் திருகினேன், வந்துவிட்டது.

மேல் குழாயை நீ சொன்னபடி மூன்று தாளாலும் தேய்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. துணியில் மஞ்சள் இல்லை. இரும்புக்கு இப்படி ஒரு நிறம் உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நீ தினமும் பார்க்கிறாய். ஒரு நாளும் வந்து சொன்னதில்லையே? இல்லை, சொல்லியிருப்பாய், நான் ஏதாவது ஒரு புரூஃபைப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது சந்தேகம்: அந்த வெள்ளை இடத்தின் இரண்டு ஓரங்களிலும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அதையும் சுரண்டிவிடலாமா, அப்படியே விடலாமா? உன் பதில் வந்ததும் மேற்கொண்டு செய்கிறேன்.

ஜூனில் நீ ஓய்வு பெறுவதாக மகள் சொன்னாள். சந்தோஷமா, வருத்தமா? சமையலறை ஜன்னல் கதவு இன்னும் மழை வந்தால் இறுகிக்கொள்கிறதா? இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டிருக்கிறது பார்.

உன்
கேள்விக்குறி

*

மார்ச் 25

கேள்விக்குறியாருக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். இரும்பைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, அப்படியே விட்டுவிட்டு, எனக்குக் கடிதம் எழுதி, பதிலுக்கு உட்கார்ந்திருக்கிறீர்களா?

தப்பு என்னுடையதும்தான். நான் சொல்லவில்லை. எங்கள் பட்டறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். தேய்த்த இரும்பு அம்மணமாக நிற்கிறது. காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். தேய்த்த அன்றே பிரைமர் என்கிற அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். மணி அடித்துவிட்டது, பஸ் போய்விடும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எந்தச் சாக்கும் செல்லாது. பூச நேரமில்லை என்றால் அன்றைக்குத் தேய்க்கவே கூடாது.

தேய்த்த இடத்தை வெறும் கையால் தொடவும் கூடாது. எங்கள் பிரிவில் ஒருவர் இருக்கிறார், மூன்று பிள்ளைகளின் தகப்பன், நல்ல வேலைக்காரர். அவர் கை வியர்வைக்கு என்ன வேகமோ தெரியவில்லை, அவர் தொட்ட கட்டில் காலில் மறுநாள் காலையில் ஐந்து விரலும் துருவாக எழும்பியிருக்கும். அவருக்குக் 'கையெழுத்து' என்றே பெயர். கையுறை போடாமல் அவரை நான் உள்ளே விடுவதில்லை.

கொப்புளத்தைச் சுரண்டுங்கள். அதற்கு அடியிலும் துருதான் இருக்கும்.

ஜன்னல் கதவை நானே அரம் போட்டு ராவிவிட்டேன், மூன்று வருடம் ஆகிறது. ஓய்வு பெறுவதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "அடுத்து என்ன பண்ணப்போறீங்க?" என்று மேனேஜர் கேட்டார். தூங்கப்போறேன் என்றேன். அக்கா தன்னோடு வந்து இருந்துவிடச் சொல்கிறாள். தனியாக என்ன செய்வாய், எங்கள் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்கிறாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பல் டாக்டரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மேஸ்திரி

*

ஏப்ரல் 2

மேஸ்திரி அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது மேல் குழாய் பழையபடி மஞ்சளாகிவிட்டிருந்தது. அதன் நடுவில் என் கட்டைவிரல். ரேகை ரேகையாக, பத்திரத்தில் வைத்த மாதிரி அவ்வளவு தெளிவாக. உங்கள் பட்டறையில் எனக்கும் கையுறை போட்டுத்தான் விடுவாய் போலிருக்கிறது.

மறுபடியும் தேய்த்துவிட்டேன், கொப்புளத்தையும் சுரண்டினேன். பிரைமர் வாங்கக் கடைக்கும் போனேன். கடைக்காரர், "செவப்பா, சாம்பலா?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். ஃபிரேமை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அறைக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். சிவப்பா, சாம்பலா? எழுது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றுவதற்கு முன்பே ஒரு நாள் அந்தச் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சின்னது. முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது. முதல் நாளே எனக்கு அது தெரியும். நீ பக்கத்தில் நின்றால் என் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வரைக்கும் வருவாய். அதை வைத்துக் கணக்குப் போட்டேன். உனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓட்டியிருக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு தொடவே இல்லை என்று ஒரு தரம் சொன்னாயே.

இது உனக்காகத்தான். உனக்கு வேண்டுமா என்று கேட்காமலே தொடங்கிவிட்டேன். கோபமா?

பல் விழுந்துவிட்டது. டாக்டர் செலவு மிச்சம்.

உன்
கேள்விக்குறி

*

ஏப்ரல் 10

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தில் பிரைமரைப் பற்றி எழுதமாட்டேன். சிவப்பா சாம்பலா என்று எழுதினால், அது வந்து சேர ஐந்து நாள். அதற்குள் இரும்பு மறுபடியும் மஞ்சளாகிவிடும். மூன்றாம் தரம் தேய்ப்பீர்கள். பிறகு ஒரு பூச்சா இரண்டு பூச்சா என்று எழுதுவீர்கள், நான்காம் தரம் தேய்ப்பீர்கள். அந்தக் குழாய் காகிதமாகத் தேய்ந்துபோகும் வரைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். எந்தக் கலராக இருந்தால் என்ன? இரண்டும் துருவைத் தடுக்கும்.

நேற்று வேலைக்கு நடுவில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வருடம் முன்பு என்ன நடந்தது? அச்சகம் ஊர் மாறுகிறது என்று வந்து சொன்னீர்கள். எனக்கு அப்போதுதான் மேஸ்திரி வேலை கொடுத்திருந்தார்கள், என்னால் வர முடியாது என்று உங்களுக்குத் தெரியும். "நீ என்ன சொல்றே?" என்றீர்கள். நான் என்ன சொல்ல? போகாதீர்கள் என்றால், அந்த வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் முகத்தை வாழ்நாள் முழுக்க நான் பார்க்க வேண்டும். போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்க இஷ்டம்" என்றேன். ஒரு மாதம் தினமும் அதையே கேட்டீர்கள், நானும் தினமும் அதையே சொன்னேன். பஸ் கிளம்பும் வரைக்கும் ஜன்னல் வழியாக என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். வாய் நிறைய வேறு ஒன்று இருந்தது, வெளியே வந்தது தண்ணி பாட்டில்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. ஆனால் நீங்களாக ஒன்றைத் தீர்மானித்து என் முன்னால் வந்து நின்றிருந்தால், அது எதுவாக இருந்தாலும், நான் உங்களோடு சண்டையாவது போட்டிருப்பேன். இத்தனை வருடம் சண்டை போடக்கூட ஆளில்லை.

சைக்கிள் எனக்காக என்று எழுதியதைப் படித்தேன். பல தடவை படித்தேன். கோபம் இல்லை.

நான்

*

ஏப்ரல் 18

என் மேஸ்திரிக்கு,

நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. வேலையை விடுகிறேன் என்று அச்சக மேனேஜருக்கு எழுதியது. மூன்று தரம் திருத்தி, நல்ல தாளில் படி எடுத்து வைத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவது என்று இருந்தேன். டிரைவர் ஏறினார், வண்டியைக் கிளப்பினார், நீ தண்ணீர் பாட்டிலைக் கேட்டாய். இருக்கிறது என்று தூக்கிக் காட்டினேன். முதல் நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவதில். இப்படியே இந்த ஊர் வந்துவிட்டது.

எதையும் நானாகச் செய்தால் தப்பாகிவிடும் என்று ஒரு பயம். அடுத்தவர் எழுத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடியே வயதாகிவிட்டது. சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும் என்றால் பேனா நகரமாட்டேன் என்கிறது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. என்ன ஆளைக் கட்டிக்கொண்டாய் என்று தெரிந்துகொள்.

இங்கே சாயங்காலம் ஆனால் பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்து உட்காருகிறேன். பக்கத்து வீட்டில் ஒருவர் வேலை முடிந்து வருகிறார், உள்ளே இருந்து அவர் மனைவி ஏதோ சத்தம் போடுகிறார், அவர் ஏதோ பதில் சொல்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. அதைக் கேட்பதற்காகவே உட்காருகிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு.

நான் வந்துவிடட்டுமா? ஒரே ஒரு வரி எழுது. வா என்று எழுதினால் போதும்.

உன்
கணவன்

*

மே 8

என் மேஸ்திரிக்கு,

இருபது நாள் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மகளிடம் விசாரித்தேன், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, வேலைக்குப் போறாங்க, உங்க லெட்டரும் வந்துச்சாம்" என்றாள். அதற்கு மேல் அவளும் பிடி கொடுக்கவில்லை.

வேட்டியைப் பிரித்துப் பார்த்தேன். குழாய் மறுபடியும் மஞ்சளாகியிருந்தது. காலையில் எழுந்ததும் கையுறை போட்டுக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வெளுத்துவிட்டது. தின்னரால் துடைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். "சாம்பல்" என்றேன். ஏன் என்று கேட்காதே, வாயில் வந்தது. மரைகளை ஒட்டுநாடாவால் மூடி, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. வெயில் இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். சுரண்டி விழுந்த பெயிண்ட் செதில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் காட்டி நிறம் வாங்கியதில் கொஞ்சம் தப்பாகிவிட்டது. புதுப் பச்சை பழைய பச்சையை விட வெளுப்பு. பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் பூட்டியாயிற்று. ஒரே ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது. அது எங்கே இருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, சைக்கிளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். பெல் அடித்துக்கொண்டே வந்தார்.

கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. அதனால் கடிதம் எழுதவும் காரணம் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போது மட்டும் எழுந்து நிற்கிறேன். அவர் இப்போதெல்லாம் தூரத்தில் இருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

உன்
கணவன்

*

ஜூன் 20

உங்களுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. வேண்டுமென்றே பதில் எழுதவில்லை. வா என்று எழுத நான்கு தரம் பேனாவை எடுத்தேன். என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

வா என்று நான் எழுதினால், நான் சொன்னதால் வருவீர்கள். வேண்டாம் என்றால், நான் சொன்னதால் வரமாட்டீர்கள். இரண்டுமே என் தலையில்தான். ஒரு தரமாவது உங்கள் வாழ்க்கையை என்னிடம் கேட்காமல் நீங்கள் நடத்த வேண்டும். அதை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தச் சட்டைப் பைக் கடிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்று நான் வேலைக்கே போகவில்லை.

சாம்பல் நல்லது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இது செய்தி: முப்பதாம் தேதி எனக்குக் கடைசி வேலைநாள். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் அக்காவும் அத்தானும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்களோடு போகிறேன். சரி என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடக்கும் வீட்டில் ஒருத்தி தனியாக எத்தனை நாள் இருப்பது? அக்கா நல்லவள். ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எனக்கு என்று ஒரு கதவு கிடையாது. அது எனக்கும் தெரியும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் எனக்குக் கிடைக்காது.

நான்

*

ஜூன் 30, காலை

உங்களுக்கு,

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. தபாலில் அனுப்புகிறவருக்கு இது கிடைக்காது. படியேறி நம் வீட்டுக் கதவு வரைக்கும் வந்தவர்தான் இதை எடுத்துப் படிக்க முடியும்.

இருபத்தைந்தாம் தேதியிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது இதைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன். சாயங்காலம் திரும்பி வந்து நானே எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்ததால் செருகவில்லை. இன்றைக்கு ஐந்தாவது தரம். மேலே தேதியையும் உள்ளே சில வரிகளையும் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன், பார்த்தால் தெரியும். நேற்று மாலை படியேறும்போது கீழ்ப்படியிலிருந்தே கதவைப் பார்த்தேன். தாள் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று சாயங்காலமும் நானேதான் எடுக்கப்போகிறேன் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நாளைக்கு வண்டியில் ஏறிவிடுவேன். நீங்கள் எடுத்திருந்தால், சாவி கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம் இருக்கிறது. உள்ளே சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறேன், தடுக்கி விழாதீர்கள். அக்காவுக்குப் போன் செய்து நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லும் வேலை உங்களுடையது. திட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு வெளியே வருவேன். மாலை போட்டு, பேசி, கைதட்டி அனுப்புவார்கள். கையில் ஒரு பரிசுப் பொட்டலம் இருக்கும். கடைசி நாள் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ்ஸில் வர எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

வாங்க. இப்போது எழுதலாம். நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

நான்

*

அதே தாளின் பின்பக்கம் எழுதுகிறேன், மேசை கட்டுக்குள் போய்விட்டதால் என் முழங்கால் மேல் வைத்து.

மணி மூன்றேகால். உன் கடிதம் இருபத்தேழாம் தேதிதான் கைக்கு வந்தது. ஞாயிறு முடிந்ததும் அச்சகத்தில் போய் வேலையை விட்டுவிட்டேன். இந்தத் தரம் ஒரே தரம் எழுதினேன், படித்துக்கூடப் பார்க்கவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வீட்டுக்கார அம்மாவிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா பதினேழு நிமிடம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். கடைசியில் அழுதுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஒருவேளை நீ முன்னாலேயே கிளம்பி, வழியில் நாம் மாறிப்போய், நீ முதலில் இங்கே வந்துவிட்டால் தெரிவதற்காக இதைக் கதவிலேயே திரும்பச் செருகிவிட்டுப் போகிறேன். பயந்துவிடாதே, நான்தான் எடுத்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொள்ள உங்கள் பட்டறை கேட்டுக்கு எதிரே நிற்கிறேன்.